பரணில் போட்ட மாத்திரை

கோமு,

நீ இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிறாய் என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் சொன்னாள். அதனால்தான் எழுதுகிறேன். வார்டுக்கு வெளியே பெஞ்சில் இருக்கிறேன். உள்ளே வர முகம் இல்லை.

தென்காசியில் சாரல் நின்றுவிட்டது. துணியெல்லாம் நன்றாகக் காய்கிறது.

அந்த வீடியோவை நேற்று மறுபடி பார்த்தேன். குற்றாலத்து மூலிகைத் தண்ணீரில் நாற்பத்தெட்டு நாள் குளித்தால் பிரஷர் மாத்திரையே வேண்டாம் என்றாரே, அவர் டாக்டர் இல்லை. கடைசியில் லேகியம் விற்கிறார். அன்று நான் அதுவரை பார்க்கவே இல்லை. "ஏங்க, டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு நிறுத்துவோமே" என்றாய். "ரெண்டு லட்சம் பேரு பாத்துருக்காவ, அத்தன பேருக்குமா கூறு இல்ல?" என்று டப்பாவைப் பரணில் தூக்கிப் போட்டேன். தினமும் முதல் பஸ்ஸில் ஐந்தருவிக்குக் கூட்டிப்போனேன். பத்தொன்பதாம் நாள் ஈரச் சேலையோடு சரிந்தாய்.

இதெல்லாம் உனக்குத் தெரியும். சொல்ல வந்தது வேறு.

மாத்திரையை யார் நிறுத்தியது என்று டாக்டர் கேட்டபோது, "அவளாத்தான் நிறுத்திட்டா, சொன்னா கேக்க மாட்டா" என்றேன். நீ கண்ணைத் திறந்துதான் படுத்திருந்தாய். பேச்சு வராமல் என்னையே பார்த்தாய்.

இன்று காலை அவரிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. உன் கேஸ் சீட்டில் அடித்துத் திருத்தி எழுதிக்கொண்டார்.

பேச்சு வந்ததும் முதலில் என்னைத் திட்டு, கோமு. பழையபடி "ஏங்க" என்று மட்டும் ஆரம்பித்துவிடாதே.

பெஞ்சில் காத்திருக்கும்,
உன் வீட்டுக்காரன்