ஏற மட்டும் ஒரு சைக்கிள்

ஏனுங்க,

காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து மகளுக்கு நீங்கள் வாங்கி அனுப்பிய பழைய கியர் சைக்கிள் வந்து சேர்ந்தது. இருந்த காசையெல்லாம் புது கியருக்கே கொட்டியிருக்கிறீர்கள். மலையேறச் சுலபமாக இருக்குமாம்! பிரேக் மட்டும் அதே தேய்ந்த பழசு. இந்த மலையில் பிறந்து வளர்ந்த மனுஷன்தானே நீங்கள்? கீழே போய் இருந்துகொண்டதும் இறக்கம் மறந்துவிட்டதா?

“ஏறுறப்ப எறங்கித் தள்ளிக்கலாம்மா, எறங்குறப்ப எதைப் புடிக்கிறது?” என்று அவளே கேட்கிறாள்.

புது கியரைக் கழற்றி விற்று, பழசு ஒன்றை மாட்டி, நல்ல பிரேக் போட்டுவிட்டேன். கோபம் வந்தால் வரட்டும்.

ஞாயிற்றுக்கிழமை உங்களைப் பார்க்க அதில்தான் இறங்கி வருகிறாள். திரும்பும்போது அந்தப் பழைய கியரை வைத்துக்கொண்டு அவள் ஒருத்தியால் மலையேற முடியாது. கூட வந்து தள்ளுங்கள், வீடு வரைக்கும்.

உங்கள் மகளின் அம்மா