தொப்பிக்காரரின் வலது கை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நீ நலமாக இருப்பாய், வேளைக்குச் சாப்பிடுவாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும், இத்தனை வருஷமாக அப்படித்தான் தொடங்கியிருக்கிறேன், இன்றைக்கு அந்தப் பொய்யை எழுத மனம் வரவில்லை. உன் அப்பாவுக்கு முன்பல் ஒன்று போய்விட்டது. உன் தம்பிக்கு இடது கன்னம் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. எனக்கு நெற்றியில் மூன்று தையல், கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்து கிடக்கின்றன. வாத்து ஏழும் செத்துப்போயின. பக்கத்துத் தோட்டத்துத் தொப்பிக்காரருக்கு வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது, அதை முறித்தது நான். மற்றபடி நலம். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ அழுவாய், நான் கத்துவேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகும். சொல்ல வந்தது இதுதான். அவருடைய பீன்ஸ் இன்னும் பத்து நாளில் பறிப்புக்கு வந்துவிடும், ஒற்றைக் கையால் பறிக்க முடியாது, விட்டால் முற்றி வீணாகும். அதற்காக அவருக்கு நான் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அது உன்னைப் பற்றியது. அதனால் கடைசி வரை படி, உன் வழக்கப்படி நடுவில் எழுந்து போகாதே.

மழை விட்டதும் முட்டைக்கோஸில் புழு விழுந்தது உனக்குத் தெரியும். விரல் நீளம்கூட இல்லாத பச்சைப் புழு, ஆனால் தீனியைப் பார்த்தால் கல்யாண வீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தம் தோற்றுப்போகும். பன்னிரண்டு நாள் நானும் உன் தம்பியும் விடிந்ததும் குனிந்து, இலை இலையாகப் புரட்டிப் பொறுக்கினோம். பொறுக்கியதைச் சோப்புத் தண்ணீர் வாளியில் போட வேண்டும், நான் பாதியை ஆத்திரத்தில் விரலாலேயே நசுக்கிவிடுவேன், நகக்கண்ணில் பச்சையாகக் காய்ந்து ஒரு வாரம் போகாது. உன் ஊர்க் கடையில் இயற்கையோடு இசைந்த விளைச்சல் என்று எழுதி வண்ணத்துப்பூச்சி படம் போட்டு விற்கிறார்கள் என்றாயே, அந்தப் படத்தை வரைந்தவரை ஒரு நாள் என்னோடு குனியச் சொல். இங்கே நடப்பது முழுக்கக் கொலை. எறும்பைவிடக் கொஞ்சம் பெரிய குளவி ஒன்று புழுவின் முதுகில் குத்தி உள்ளே முட்டையிடுகிறது, அதன் குஞ்சுகள் புழுவை உயிரோடு உள்ளேயிருந்து தின்றுவிட்டுத் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகின்றன. பொறிவண்டு அசுவினிப் பூச்சியைக் கடித்துக் குதறுகிறது, வாத்து நத்தையை ஓட்டோடு விழுங்குகிறது. இசைவு என்றால் எல்லோரும் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்பது இல்லை, கடிக்கிறவனைக் கடிக்க இன்னொருவன் உயிரோடு இருப்பதுதான். விஷம் அடித்தால் அந்தக் குளவியும் வண்டும்தான் முதலில் சாகும். புழு பத்து நாளில் திரும்பி வந்துவிடும், அதன் எதிரி வராது. இதை உனக்கு நான் புதிதாகச் சொல்லத் தேவையில்லை, நீ இந்த மண்ணில் புரண்டு வளர்ந்தவள்.

புதன்கிழமை என் முட்டி இரண்டும் வீங்கி உட்கார்ந்தால் எழ முடியவில்லை. பூண்டும் மிளகாயும் அரைத்து ஊறவைத்த கரைசலைக் காலையில் தோட்டம் முழுக்கத் தெளித்துவிட்டு உன் அப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன், வரச் சாயங்காலம் ஆகிவிட்டது. மறுநாள் காலையில் பார்க்கிறேன், வேலியோரத்து நான்கு பாத்திகளில் ஒரு புழு அசையவில்லை, கொத்துக் கொத்தாக உதிர்ந்து கிடக்கின்றன. மற்றப் பாத்திகளில் வழக்கம்போல் மேய்கின்றன. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். ஓட்டை விழுந்த இலைதான் சுத்தமான இலை, புழு தின்று சாகாததைத்தான் மனுஷன் தின்னலாம் என்று பதினாறு வருஷமாக ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவள் நான். பெருமை கண்ணை மறைத்தது. வேலியோரம் தெளித்தது அடியில் தங்கிய கெட்டிக் கரைசல், அதனால்தான் கேட்டிருக்கிறது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அதோடு நிற்கவில்லை. பதினாறு வருஷமாக மருந்தடித்துக்கொண்டு நம்மைப் பார்த்துச் சிரிக்கிற தொப்பிக்காரரை வேலிக்குக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, ஒரு வாளிக்கு எத்தனை முழுப்பூண்டு போட்டீர்கள் என்று கேட்டார். நக்கல் செய்கிறார் என்று நினைத்து, உங்கள் வயது எத்தனையோ அத்தனை என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று சாயங்காலமே அந்த நான்கு பாத்தியையும் வெட்டி, பள்ளிக்கூடச் சமையலறைக்கு அனுப்பப் பெட்டிகளில் அடுக்கினோம். உதிர்ந்த புழுவைத் தின்னட்டும் என்று வாத்துகளைப் பாத்திக்குள் விட்டதும் நான்தான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஏழும் பாத்தியில் கிடந்தன. கழுத்து முறுக்கிக்கொண்டு, அலகு திறந்து, வாயில் நுரை. எந்நேரமும் என்னைக் குறை சொல்லிக்கொண்டே பின்னால் வருமே, நாம் மாமியார் என்று பெயர் வைத்த பெரிய வாத்து, அது மட்டும் உயிரோடு ஒரு பக்கமாகச் சுற்றிச் சுற்றி இறக்கையை அடித்துக்கொண்டிருந்தது. உன் அப்பாதான் அதன் கழுத்தைத் திருகி முடித்தார், முடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நான் நிமிர்ந்தால், வேலிக்கு அந்தப் பக்கம் தொப்பிக்காரர் முதுகில் மருந்து டேங்கோடு நிற்கிறார். வேறென்ன சாட்சி வேண்டும், நேற்று நான் பீற்றிக்கொண்டதைப் பொறுக்காமல் வேலி தாண்டி அடித்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். மண்வெட்டிப் பிடியை உருவிக்கொண்டு வேலியை எப்படித் தாண்டினேன் என்று தெரியவில்லை, முட்டி வலியெல்லாம் எங்கே போனதோ. முதல் அடி டேங்கில் விழுந்தது. இரண்டாவதைத் தடுக்கக் கையை நீட்டினார். காய்ந்த குச்சி முறிகிற சத்தம் அது, மகளே, எழுதும்போதுகூடக் காதில் கேட்கிறது. அவர் விழுந்தார், டேங்க் மூடி தெறித்து உள்ளே இருந்தது முழுக்க என் முகத்தில் அடித்தது. நெருப்பை அள்ளிப் பூசியது போலக் கண் எரிந்தது, கத்தினேன், கத்தும்போதே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. பூண்டு. மிளகாய். என் கரைசல். அவருக்கு வயது அறுபத்திரண்டு, ஒரு வாளிக்கு அறுபத்திரண்டு முழுப்பூண்டை உரித்துப் போட்டிருக்கிறார் மனுஷன். வாழ்க்கையில் முதல் தடவையாக விஷம் வேண்டாம் என்று கிளம்பிய காலையில் அவர் கையை உடைத்திருக்கிறேன். அவர் மனைவி ஓடிவந்து பூவாளியால் என் நெற்றியில் போட்டாள். அந்த அடி எனக்கு வேண்டியதுதான், அவளைக் குறை சொல்லமாட்டேன்.

உன் அப்பா எங்கள் இரண்டு பேரையும் ஒரே வண்டியில் பின்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். எனக்குக் கண் திறக்க முடியவில்லை, ரத்தம் மூக்கு வழியாக வாயில் வழிகிறது, பக்கத்தில் அவர் முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்து விடுகிறார். பாதி வழி தாண்டிவிட்டோம். பிறகு கேட்டார், "சோப்பும் கொஞ்சம் கலக்கணுமா, இல்ல பூண்டும் மிளகாயும் மட்டும் போதுமா?" அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அப்போதுதான் நான் அழுதேன், கண் எரிந்ததால் என்று அவர் நினைத்திருப்பார்.

திரும்பி வந்தபோது பள்ளிக்கூட வண்டி வாசலில் நிற்கிறது, டிரைவர் பெட்டியைத் தூக்கப் போகிறார், உன் தம்பி பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு ஏற்றவிடாமல் தடுத்துக்கொண்டிருக்கிறான். முகம் வெளுத்துக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் சொல்லிவிட்டான். புதன்கிழமை நாங்கள் போனதும் ஒரு பாட்டில் பூச்சிமருந்து வாங்கிவந்து அடித்திருக்கிறான், அது நான்கு பாத்திக்குத்தான் வந்தது. வாத்து செத்ததைப் பார்த்த பிறகும் நான் வேலி தாண்டியபோது அவனுக்கு நாக்கு எழவில்லை, பிள்ளைகள் தின்னப் போகிற பெட்டி ஏறும்போதுதான் எழுந்தது. நான் அடித்தேன். எத்தனை அடி என்று தெரியாது, கன்னம், தோள், முதுகு, அவன் கையைக்கூட உயர்த்தவில்லை. உன் அப்பா பின்னாலிருந்து என்னைக் கட்டிப் பிடித்தார், என் முழங்கை அவர் வாயில் இடித்து அந்தப் பல் போனது. அப்புறம் மண்வெட்டியை எடுத்துப் பெட்டிகளைக் கவிழ்த்து அத்தனை கோஸையும் கொத்தினேன், டிரைவர் வண்டிக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். மத்தியானம் பள்ளிக்கூடத்துச் சமையல்காரம்மா நேரிலேயே வந்துவிட்டார். உங்கள் தோட்டத்துக் காயைக் கழுவிப் பச்சையாகவே தின்னலாம் என்று மூன்று வருஷமாகப் பிள்ளைகளிடம் சொல்லிவருகிறேன் என்று மட்டும் சொன்னார். இயற்கை விவசாயச் சான்றிதழ் ஆபீசுக்கு நானே போன் செய்து நடந்ததைச் சொல்லிவிட்டேன், இயற்கைத் தோட்டம் என்று மாட்டியிருந்த வாசல் பலகையையும் பெயர்த்துவிட்டேன். கொத்திய கோஸை நம் உரக்குழியில் போட முடியாது, மூட்டை கட்டிக் குப்பை வண்டிக்குக் கொடுத்தோம். வாத்துகளை நாய் தோண்டாதபடி இடுப்பளவு ஆழத்தில் உன் தம்பி புதைத்தான்.

அன்றுதான் அவன் தன் போனை என் கையில் கொடுத்தான், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இல்லை, பாட்டில் வாங்கச் சொன்னது யார் என்று நான்தான் விடாமல் கேட்டேன். கண் எரிச்சலோடு படித்தேன். அம்மாவால் குனிய முடியவில்லை அக்கா, என்ன செய்வது என்று அவன் கேட்டிருக்கிறான். "ஒரே ஒரு தடவ அடிச்சிடு. அம்மா முட்டிய நெனச்சா எனக்குத் தூக்கமே வரல. அவங்களுக்குத் தெரிய வேணாம்." இது நீ எழுதியது. என் மேல் உள்ள பாசத்தில் எழுதினாய், அது எனக்குத் தெரியாமல் இல்லை, அதனால்தான் என் கோபம் போய் மோத ஒரு சுவரில்லாமல் நிற்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன், உன் வலது கைச் சுண்டுவிரலைப் பார். அந்தத் தழும்பு எப்படி வந்தது? உனக்குப் பதினோரு வயது. உன் அப்பா மருந்தடித்துவிட்டு வரப்பில் விழுந்தார், கையும் காலும் வெட்டிவெட்டி இழுத்தது. வாயில் நுரை தள்ள, நாக்கைக் கடித்துவிடப் போகிறார் என்று நீ விரலை உள்ளே விட்டாய், அவர் பல் உன் எலும்பு வரை இறங்கியது, நீ கையை எடுக்கவில்லை. அன்றைக்குத்தான் இந்த வீட்டில் அந்தப் பாட்டில் நின்றது. யார் மறந்தாலும் நீ மறப்பாய் என்று நான் நினைக்கவில்லை, மகளே.

சனிக்கிழமை தொப்பிக்காரர் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி போலீசுக்குப் போகலாம் என்றாள், நியாயம்தான் என்றேன். அவர்தான் குறுக்கே பேசினார், "இவங்கள உள்ள வெச்சா என் பீன்ஸ யார் பறிப்பா? பறிப்பு முடியிற வரைக்கும் உங்க வீட்டுலேர்ந்து ரெண்டு கை குடுங்க, அது போதும்." கொடியில் புழுவும் இருக்கிறது, அதையும் கையாலேயே பொறுக்க வேண்டுமாம், ஆள் கிடைக்காவிட்டால் பழையபடி மருந்துதான் என்று அவர் மனைவி சொல்லிவிட்டாள். நான் வருகிறேன் என்றேன், நீ மட்டும் இந்த வேலிப்பக்கம் வராதே என்றாள். உன் தம்பி நான் போகிறேன் என்றான், வேண்டாம் என்றேன். அந்த நான்கு பாத்தி மண்ணை மீட்க அவனுக்கு மூன்று வருஷ வேலை இருக்கிறது, அதோடு அவன் பங்கு அடி அவனுக்குக் கிடைத்துவிட்டது. அவர் கேட்ட இரண்டு கையும் உன் கை என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். உன் வேலையிடத்தில் லீவு தரமாட்டார்கள் என்று எழுதாதே. ஒரு வார்த்தை எழுத உனக்கு நேரம் இருந்தது. நீ வந்தால் அந்த மனுஷன் இந்தத் தடவை விஷம் இல்லாமல் பறிப்பார், வராவிட்டால் அவர் முதுகில் மறுபடியும் டேங்க் ஏறும், அதை ஏற்றியது நாம் மூன்று பேரும்தான்.

வரும்போது பழைய முழுக்கைச் சட்டை இரண்டு எடுத்து வா, பீன்ஸ் கொடி அரிக்கும். வழியில் கண்டதைத் தின்னாதே. உனக்குக் கெட்டது எதுவும் வரக்கூடாது, நீ நூறு வயது இருக்க வேண்டும், என் வயிற்றில் பிறந்த உன்னை நான் வாழ்த்தாமல் வேறு யார் வாழ்த்துவது. பத்து நாள் என்று சொன்னேன், இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது ஆறு நாள்தான் இருக்கும். உன் பங்கு அடியை நான் எடுத்து வைக்கவில்லை, அடிக்கிற தெம்பு எனக்குத் தீர்ந்துவிட்டது. வந்ததும் வீட்டுக்கு வராதே, நேரே அவர் வாசலுக்குப் போய் யார் என்று சொல், அவரால் கை கொடுக்க முடியாது, நீ கொடு.

உன் வழியைப் பார்த்துக்கொண்டு,
தையல் இன்னும் பிரிக்காத,
உன் அம்மா