அடைப்புக்குறிக்குள் என் ஊர்

கெலாங் பாத்தா, ஜொகூர்
புதன்கிழமை

அன்புள்ள ஜெயபாலன் அண்ணனுக்கு, தங்கை ஷாமளா வணக்கம் சொல்லி எழுதுவது.

கஸ்தூரி அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். எட்டு மாதமாக உங்கள் வீட்டு முகவரிக்குக் கடிதம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், எல்லாம் அம்மா பெயருக்கு. இனி அந்த வீட்டில் என் கடிதத்தைப் பிரிக்க உங்களைத் தவிர ஆள் இல்லை. போனில் கூப்பிட்டால் நான் கத்துவேன், நீங்கள் பாதியில் வைத்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். தயவு செய்து கடைசிவரை படியுங்கள்.

அம்மா இறந்தது எனக்கு இன்று காலையில்தான் தெரியும். இங்கே கிருஷ்ணம்மா என்று ஒருவர் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். ரூபினியைப் பள்ளியில் விடும் வழியில் பிள்ளைக்குத் தோசை கட்டி வாங்கப் போனேன். அவர் தமிழ்ப் பேப்பரை என் முன்னால் விரித்து, "என்னாம்மா இது, ஒங்க அம்மாதானே லா? நீ இன்னும் கெளம்பலையா?" என்று கேட்டார். அண்ணியின் தம்பி கல்யாணத்தில் எடுத்த படம். பக்கத்தில் நின்ற என்னை வெட்டிவிட்டு அம்மாவை மட்டும் வைத்திருக்கிறீர்கள். ஓரத்தில் என் தோள்பட்டை இன்னும் கொஞ்சம் தெரிகிறது.

படத்துக்குக் கீழே பிள்ளைகள் பெயர். மகன், ஜெயபாலன் – கஸ்தூரி, அடைப்புக்குறிக்குள் சுங்கை பட்டாணி. அடுத்த வரியில் மகள், ஷாமளா – மனோகரன், அடைப்புக்குறிக்குள் கெலாங் பாத்தா. அம்மா போய்விட்டதையும் நான் மாட்டிக்கொண்டதையும் ஒரே கட்டத்துக்குள் படித்தேன் அண்ணே. எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. பெற்றவளுக்காக முதலில் அழக்கூட விடாமல் செய்துவிட்டீர்களே, அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

ஏன் அப்படிப் போட்டீர்கள் என்று எனக்குத் தெரியாதா? மரண அறிவிப்பைச் சொந்தபந்தம் அத்தனையும் படிக்கும். ஜெயபாலன் தங்கச்சி புருஷனை விட்டுட்டு ஓடிட்டாளாம் என்று ஒருவரும் பேசக்கூடாது. இரண்டு பேரும் ஜொகூரில் குடும்பம் நடத்துகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளட்டும். அவ்வளவுதானே? ஊர்ப் பெயரை அம்மா சாகும்போதுகூடச் சொல்லியிருக்க மாட்டார். அவருடைய பிஸ்கட் டின்னைத் திறந்து என் கடிதங்களை எடுத்திருக்கிறீர்கள். முகவரியைப் பார்த்ததும் பேப்பருக்குக் கொடுக்கத் தெரிந்த உங்களுக்கு, அம்மா போயிட்டாங்க, வா என்று எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பத் தெரியவில்லை.

நான் இந்த ஊரில் எப்படி இருக்கிறேன் என்று அந்தக் கடிதங்களில் படித்திருப்பீர்கள். அம்மாவுக்கு நல்லதை மட்டும்தான் எழுதினேன், மிச்சத்தை நீங்கள் கேளுங்கள். லார்க்கின் பஸ் நிலையத்தில் இறங்கியபோது கையில் இரண்டு பையும் ரூபினியும்தான். முதல் மாதம் நான் வாயைத் திறந்தாலே எல்லாரும் சிரித்தார்கள். நம் கெடா மலாய் இங்கே செல்லாது, 'நீ' என்பதற்கு 'ஹங்' என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், வடக்கத்தி ஆள் என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். ரூபினி இரண்டே மாதத்தில் மாறிவிட்டாள், இப்போது என்னைத் திருத்துகிறாள். எனக்குப் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை, காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். மூன்றாம் மாடியில் வீடு. தண்ணீர் சில நாள் ஏறாது. ஆனால் அண்ணே, இந்த எட்டு மாதத்தில் சாவி திரும்பும் சத்தம் கேட்டு நான் ஒரு நாளும் திடுக்கிடவில்லை.

புருஷன் எங்கே என்று இங்கே கேட்டால் சிங்கப்பூர் என்று சொல்லிவிடலாம். இந்தப் பக்கத்தில் பாதி ஆம்பிளைகள் விடிவதற்குள் மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டிவிடுகிறார்கள், யாரும் மறுபடி கேட்பதில்லை. அதற்காகவே பழைய துணிக் கடையில் ஒரு ஜோடி ஆம்பிளைச் சப்பாத்து வாங்கி வாசலில் வைத்தேன். காலையில் இந்தப் பக்கம், சாயங்காலம் அந்தப் பக்கம் என்று நகர்த்தி வைப்பேன். பக்கத்து வீட்டு டொரத்தி அக்காவிடம்தான் அது எடுபடவில்லை. ஒரு மழை நாளில், "ஏம்மா, எம் புருஷன் கிரகோரி சப்பாத்த புழிஞ்சா ஒரு வாளி தண்ணி வருது, ஒம் புருஷனோடது மட்டும் காஞ்சே கெடக்குது?" என்று கேட்டார். அன்றைக்கு அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அதிலிருந்து பள்ளி விட்டதும் ரூபினி அவர் வீட்டில்தான் இருக்கிறாள்.

கெலாங் பாத்தா எவ்வளவு பெரிய ஊர் என்று நினைத்தீர்கள்? இங்கே ஒரு தமிழ்ப் பிள்ளையைத் தேட வேண்டுமென்றால் தமிழ்ப்பள்ளி வாசலில் ஒரு மத்தியானம் நின்றால் போதும். ரூபினியின் அப்பா தினமும் பேப்பர் படிப்பவர். அவர் முதலில் மரண அறிவிப்புப் பக்கத்தைத்தான் புரட்டுவார், உங்களுக்கே தெரியும்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவர் வந்து விசாரித்தால் ஊர்ப் பெயர் தப்பாக அச்சாகிவிட்டது என்று சொல்லுங்கள். குடும்ப மானத்துக்காக ஒரு பொய் அச்சடித்தீர்களே, எனக்காக ஒரு பொய் வாயால் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஷாமளா


கெலாங் பாத்தா
திங்கட்கிழமை

அண்ணனுக்கு,

முதல் கடிதம் உங்கள் கைக்கு வந்ததோ இல்லையோ, இனி அதில் கேட்டது வேண்டாம். அவன் நேற்று வந்துவிட்டான். போன கடிதம் வரைக்கும் அவர் என்றுதான் எழுதினேன். இன்று கை அப்படி எழுத மாட்டேன் என்கிறது.

வெள்ளிக்கிழமையே பள்ளிக்கு ஒரு ஆள் போன் செய்து ரூபினி எந்த வகுப்பு என்று கேட்டிருக்கிறான். தலைமையாசிரியை அவனிடம் ஒன்றும் சொல்லாமல் என்னைக் கூப்பிட்டு எச்சரித்தார். நான் ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தேன். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். படியில் ஆள் ஏறி வரும் சத்தம் கேட்டது. அந்த நடையை நான் எங்கே கேட்டாலும் கண்டுபிடிப்பேன்.

ஊருக்குள் யாரிடமோ விசாரித்து வந்திருக்கிறான். கதவைத் தட்டவே இல்லை அண்ணே. சன்னல் துணி இடுக்கில் பார்த்தேன். குனிந்து அந்தச் சப்பாத்தில் ஒன்றைக் கையில் எடுத்தான், திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தான், துளி மண்ணும் ஒட்டவில்லை, யாரும் போடுவதில்லை என்று தெரிந்துவிட்டது. சிரித்தான். பிறகு தன் செருப்பைக் கழற்றி அதன் பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான். வீட்டுக்காரன் வந்து உட்கார்ந்த மாதிரி. ரூபினி என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிள்ளை மூச்சைக்கூட அடக்கி அடக்கி விட்டது. பத்து வயசுப் பிள்ளைக்கு அது தெரிந்திருக்க வேண்டுமா?

நான் போனில் செய்தி அனுப்பியதும் டொரத்தி அக்கா வெளியே வந்தார். யாருய்யா நீ என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீடுகள் எல்லாம் கதவைத் திறந்தன. அப்போதுதான் அவன் சட்டைப் பையில் இருந்து அதை எடுத்தான். நீங்கள் போட்ட அறிவிப்பு. அழகாக வெட்டி, மடித்து வைத்திருந்தான். "பாருங்க லா, எம் பொண்டாட்டி பேரு, எம் பேரு, இந்த ஊரு. மச்சானே போட்டிருக்காரு. மாமியா செத்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தா கதவ தொறக்க மாட்டேங்குறா" என்று ஒவ்வொருவரிடமும் காட்டினான். அவர்கள் என்ன செய்வார்கள்? அச்சில் இருக்கிறதே. கீழ்வீட்டு ஐயாசாமி அண்ணன் நல்லவர், அவரே கதவுக்கு வெளியே நின்று, தெறம்மா, குடும்பச் சண்டைய இப்படி வளக்கலாமா என்று எனக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் கிரகோரி அண்ணன் வீட்டில் இருந்தார், அதுதான் என் நல்ல நேரம். அவர் போலீசைக் கூப்பிட்டார். போலீஸ் வருவதற்குள் அவன் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தான். போகும்போது கதவோரம் வாயை வைத்து, ரொம்ப அமைதியாகச் சொன்னான். பதினாறாம் நாள் கருமகிரியைக்கு உங்கள் வீட்டில் மாப்பிள்ளையாக வந்து உட்காரப் போகிறானாம். முடிந்ததும் உங்களையே கூட்டிக்கொண்டு வருவானாம். "ஒங்கண்ணன் சொன்னா வருவல்ல? ரெண்டு தடவ வந்தல்ல?" என்றான்.

அது உண்மைதான். இரண்டு தடவையும் நீங்கள்தான் காரில் ஏற்றிக்கொண்டுபோய் அவன் வீட்டில் விட்டீர்கள். கை ஒடிந்த அன்று என்னைக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும் நீங்கள்தான். குளியலறையில் வழுக்கி விழுந்துட்டா டாக்டர் என்று நான் வாயைத் திறக்கும் முன்னால் சொன்னதும் நீங்கள்தான். வெளியே வந்து காரில் உட்கார்ந்து அழுதீர்கள். நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

போலீசில் ரிப்போர்ட் செய்திருக்கிறேன். பாதுகாப்பு ஆணை கேட்கப் போகிறோம், டொரத்தி அக்கா கூடவே வருகிறார். அவன் அடித்ததைக் கண்ணால் பார்த்தவர் யாராவது வந்து சொன்னால் பலமாக இருக்கும் என்றார்கள். பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருவரைப் போன வாரம் எரித்துவிட்டீர்கள்.

டொரத்தி அக்கா வேறு ஊருக்குப் போய்விடு, குளுவாங்கில் தன் தங்கச்சி இருக்கிறாள் என்கிறார். நான் போக மாட்டேன். நாட்டின் அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு வந்தாயிற்று, இதற்கு மேல் போக எனக்குக் கடல்தான் இருக்கிறது. ரூபினிக்கு இங்கே இரண்டு சிநேகிதிகள் கிடைத்திருக்கிறார்கள். எனக்கும் ஒரு அக்கா கிடைத்திருக்கிறார். மறுபடி ஒரு ஊரில் முதலிலிருந்து பொய் சொல்ல என்னால் முடியாது.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, கருமகிரியைக்கு, அவன் உங்கள் வீட்டு வாசலுக்கு வருவான். நாலு பேர் இருப்பார்கள், பாய் விரித்திருக்கும், மாப்பிள்ளை வாங்க என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். அவனை உட்கார வைப்பதா, வெளியே அனுப்புவதா என்பது உங்கள் பாடு. நான் தூரத்தில் இருக்கிறேன், எட்டிப் பிடிக்க முடியாது. அம்மா படத்துக்கு என் பெயரைச் சொல்லி ஒரு பூ மட்டும் போடுங்கள்.

அதற்குப் பிறகு அவனோடு சேர்ந்து வருவதாக இருந்தால் வராதீர்கள் அண்ணே. நீங்களே கூப்பிட்டாலும் இந்தத் தடவை கதவு திறக்காது. தனியாக வருவதாக இருந்தால் லார்க்கினில் இறங்கி எனக்குக் கூப்பிடுங்கள், எண்ணைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். முதல் முறையாக உங்களை நம்பித் தருகிறேன். வாசலில் இருக்கும் அந்தப் பொய்ச் சப்பாத்தை நானே எடுத்துக் குப்பையில் போட்டுவிடுகிறேன். அந்த இடத்தில் உங்களுடையதைக் கழற்றி வையுங்கள். இங்கே சாயங்காலமானால் மழைதான், நனைந்துகொண்டு வந்தாலும் பரவாயில்லை. ஈரமான சப்பாத்து ஒரு நாளாவது என் வாசலில் கிடக்கட்டும்.

உங்கள் தங்கை,
ஷாமளா