விளக்கில்லாத சப்பரம்

மே 1961, ஞாயிறு இரவு. தென்னூர்.

சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. இன்று மாதா கோயில் திருவிழா. சப்பரத்தின் இரும்புச் சட்டத்தில் டெஸ்டரை வைத்தேன், டெஸ்டரின் விளக்கு எரிந்தது. சீரியல் விளக்கிலிருந்து கரண்ட் கசிகிறது! தண்ணீர் தெளித்த தெருவில், ஜனங்கள் வெறுங்காலோடு சப்பரத்தைத் தொடக் காத்திருந்தார்கள்.

"லைட்டை அணைங்க சாமி, ஆள் செத்துடும்!" என்று பங்குச் சாமியாரிடம் கத்திவிட்டேன்.

விளக்கு உபயம் செய்த மார்க்கெட் மண்டிக்காரர் பாய்ந்தார். "நேத்துக் கரண்ட் வேலை படிச்சுட்டு வந்த பய பேச்சைக் கேட்டு மாதாவை இருட்டுல தூக்குறதா?"

சாமியார் என்னைப் பார்த்தார். "நிச்சயமா, தம்பி?"

"நிச்சயம், சாமி."

ஸ்விட்சை அவரே அணைத்தார். மைக்கும் செத்தது. "அணைச்சது நான்தான். கோபம்னா என்கிட்ட வாங்க. மெழுகுவத்தி ஏத்துங்க!" என்று தொண்டை கிழியக் கூவினார். என் பெயரைச் சொல்லவே இல்லை. தலைவர் என்றால் இவர்!

மண்டிக்காரரும் ஒரு மெழுகுவத்தி பிடித்தார், என்னை முறைத்துக்கொண்டே.

"அடுத்த வருஷம் லைட் உன் பொறுப்பு" என்றார் சாமியார். எர்த் கம்பியை எங்கே இறக்கலாம் என்று இப்போதே வரைந்துகொண்டிருக்கிறேன்.