ஓடிபி சொல்ல மறுத்த ஹமீதின் வரிக் கணக்கைச் சரிபார்க்க அனுமதி வேண்டி

விடுநர்:
கு. கோகிலாம்பாள்,
கணித ஆசிரியை (ஓய்வு),
பெருமாள் கோயில் தெரு,
பாகூர் கொம்யூன், புதுச்சேரி.

பெறுநர்:
வருமான வரி அலுவலர் அவர்கள்,
புதுச்சேரி.

பொருள்: பாகூர் எழுதுபொருள் கடை திரு. அ. ஹமீது அவர்களின் வரிக் கணக்கு, உரிய காலத்தில் சரிபார்க்கப்படாமல் நிற்பது – தாமதத்தைப் பொறுத்து அனுமதி வேண்டுவது – தவறு முழுவதும் விடுநருடையது என்பது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

இதே வேண்டுகோளை இணையதளத்திலும் அனுப்பியிருக்கிறோம். ஆனால் தாமதத்துக்கான காரணம் அங்குள்ள சிறு கட்டத்தில் அடங்கவில்லை. 'கேட்ட அளவுக்கு மட்டும் விடை எழுது' என்று பிள்ளைகளைக் கண்டித்தவள்தான் நான்.

1. அரசு இணையதளத்தில் காசில்லாமல் நாமே கணக்குத் தாக்கல் செய்யலாம், ஆடிட்டர் எதற்கு என்று எங்கள் தெரு முழுக்கப் பேசியவள் நான். நம்பி வந்த முதல் ஆள் ஹமீது. அவர் மகள் சமீனாவுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. கல்விக் கடனுக்கு, தந்தையின் வரிக் கணக்கு ஏற்கப்பட்ட சான்றை வங்கி கேட்கிறது.

2. ஜூலை 20 அன்று என் வீட்டுக் கணினியில் எல்லாம் நிரப்பி அனுப்பினோம். சரிபார்ப்புக்கான ஓடிபி ஹமீதின் போனுக்கு வரும். போனோ கடையில் சார்ஜில் இருந்தது. 'பிறகு சரிபார்க்கிறேன்' என்பதை அழுத்தி, டீ கொடுத்து அவரை அனுப்பிவைத்தேன். ஓர் உதாரணம் சொல்கிறேன்: மூன்று மணி நேரம் தேர்வு எழுதிய மாணவி, விடைத்தாளை மேசையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறாள். அந்த மாணவி நான்தான்.

3. மறுநாளே ஓசூரில் என் மகளுக்குப் பிரசவ வலி கண்டதாகத் தகவல் வந்து ஓடினேன். பேத்தி பிறந்த பிறகே சரிபார்ப்பு நினைவுக்கு வந்தது. மருமகன் போனிலிருந்து ஹமீதை அழைத்து, ஓடிபி வரும், சொல்லுங்கள் என்றேன்.

4. அதற்கு முந்தைய மாதம்தான் தெருவாருக்கு இணைய மோசடி பற்றி வகுப்பு எடுத்திருந்தேன். ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது, நானே கேட்டாலும் சொல்லக் கூடாது, குரலையும் எண்ணையும்கூடப் போலியாகச் செய்கிறார்கள் என்றேன். ஹமீதை எழுப்பித் திரும்பச் சொல்லவும் வைத்தேன்.

5. ஆகவே ஹமீது சொன்ன பதில்: "இன்னா தைரியம்டா உனக்கு! எங்க டீச்சர் கொரல்லயே பேசறியா? வைடா போனை!" என் சொந்த எண்ணிலிருந்து அழைத்தபோது, "டீச்சர் நம்பரையும் திருடிட்டியா?" என்றார். பிறகு எடுக்கவே இல்லை. பக்கத்து வீட்டு இளவரசியைத் தூது போகச் சொல்லலாம் என்று அழைத்தேன். அவரும் அந்த வகுப்பில் முன்வரிசை. "எங்க டீச்சர் பேத்தியப் பாக்கப் போயிருக்காங்க, நீ யாருடி?" என்றார்.

6. நான் ஆகஸ்ட் கடைசியில் ஊர் திரும்பியபோது சரிபார்ப்புக்கான முப்பது நாள் கெடு தாண்டிவிட்டது. என்னை நேரில் கண்ட ஹமீது, "டீச்சர், உங்க பேர்ல ஒருத்தன் போன் பண்ணான், நல்லா திட்டி வுட்டேன்" என்று பெருமையாகச் சொன்னார். அது நான்தான் என்றதும் கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சமீனா மட்டும் சிரிக்கவில்லை. இம்மாதம் 16ஆம் தேதிக்குள் சான்று தராவிட்டால் கடன் இல்லை, கடன் இல்லாவிட்டால் கல்லூரி இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

ஆகவே ஐயா, தாமதத்தைப் பொறுத்து, அக்கணக்கைச் சரிபார்க்க 16ஆம் தேதிக்கு முன் அனுமதி அளிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். ஹமீது தவறேதும் செய்யவில்லை. நான் கற்பித்ததை இவ்வளவு சரியாகக் கடைப்பிடித்த மாணவரை என் பணிக்காலத்தில் கண்டதில்லை. அதற்கான தண்டனை அவர் மகளுக்குப் போகக் கூடாது.

தங்கள் முடிவைத் தயவுசெய்து தபாலில் தெரிவிக்கவும். போனில் அழைத்தால் ஹமீது தங்களையும் திட்டுவார்.

இடம்: பாகூர்
நாள்: 02.09.2024

தங்கள் உண்மையுள்ள,
கு. கோகிலாம்பாள்

படித்துப் பார்த்தேன். நான் இன்னும் அதிகமாகவே திட்டினேன், டீச்சர் குறைத்து எழுதியிருக்கிறார். மற்றவை சரி.
அ. ஹமீது