அடெகொயேவுக்குக் கிடைத்த மூன்று நிமிடங்கள்

ஹென்டர்சன், ஆக்லாந்து.

அன்பு மகள் கிருசாந்திக்கு,

இங்கே நானும் உன் சித்தியும் என் முழங்கால் வலியும் மூவரும் குறைவில்லாமல் இருக்கிறோம், லண்டனில் நீயும் பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். எங்கள் மகன் தனோஜனுக்கு மனுகாவில் வேலை கிடைத்துவிட்டது, இப்போது உன் தம்பி என்னோடு ஆங்கிலத்தில்கூடக் கதைப்பதில்லை. நாடகம் எப்படிப் போனது என்று மூன்று தரம் கேட்டுவிட்டாய். சொல்கிறேன், வாசித்துவிட்டு இந்தச் சித்தப்பனை நன்றாகத் திட்டு.

அடெகொயேவை உனக்குத் தெரியும், என்னோடு பாண் சுடும் தொழிற்சாலையில் பொதி கட்டுகிறவர். நைஜீரியாவில் யொருபா மொழியில் நாற்பது நாடகம் எழுதி, அதில் வரும் அரசர்கள் எல்லாராகவும் தானே நடித்து, சொந்தக் குழுவோடு முப்பது வருடம் ஊர் ஊராகப் போன மனுசன். இங்கே பத்து வருடத்தில் கிடைத்த ஒரே வேடம், விளம்பரத்தில் டாக்சி ஓட்டியது, அதிலும் முதுகுதான் தெரியும். எங்கள் தமிழ்ச் சங்கக் கலைவிழாவில் அவருக்கு அரை மணி நேரம் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். நகர மையத்து அரங்கு ஒன்றிலிருந்து ஓர் அம்மையார், பிடித்தால் வேடம் தருவதாகச் சொல்லி, முன்வரிசையில் வந்து இருந்தார்.

தலைவர் சபாரத்தினம் பேசினார், பேசினார், பேசினார். பதினேழு பேருக்குப் பொன்னாடை, போர்த்திக் களைத்தவருக்கும் ஒன்று. பிறகு அடெகொயேவை அறிமுகப்படுத்த, சங்கத்தின் அறிவிப்பாளர் நான். ரெண்டு நிமிசத்தில இறங்கி வாங்கோ என்றுதான் சித்தி அனுப்பினாள். மைக் கைக்கு வந்ததும் நாற்பது நாடகத்தை நானூறாக்கினேன், இவர் கர்ச்சித்தால் சிறுத்தைகள் காடு மாறிப் போகும் என்றேன், இவர் நடிப்பைப் பார்த்து நாலு ஜனாதிபதிகள் அழுததில் ஒருவருக்குப் பார்வையே போனது என்றேன். சனம் சிரிக்கச் சிரிக்க இருபத்தைந்து நிமிடம். மணிச்சரம் தொங்கும் அரச முடியோடு அந்த மனுசன் திரைக்குப் பின்னால் நின்றபடியே நின்றார். ஐந்து மணிக்குப் பூட்ட வேண்டும், இன்னும் மூன்று நிமிடம்தான் என்று மண்டபக்காரன் வந்து சொல்ல, அம்மையார் ரயிலுக்கு எழும்பிவிட்டார்.

சபைப் பெரியவர்களைப் பேர் சொல்லி வணங்காமல் நாடகம் தொடங்கக் கூடாது என்பது யொருபாக்காரர் வழக்கம். அதை விட்டுவிட அவர் சம்மதிக்கவில்லை. நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, சபாரத்தினம், பொருளாளர் குணவதி, கடைசியாக என் பேர், எல்லாவற்றையும் பிழையில்லாமல் பாட்டாகப் பாடினார், ஒரு மாதம் பாடமாக்கியது. எழும்பினார், விளக்கை அணைத்துவிட்டார்கள். அதுதான் நாடகம் என்று எங்கள் சனம் கைதட்டியது, மகள்.

திங்கட்கிழமை மன்னிப்புக் கேட்கப் போனேன். பாண் அடுக்கிய கையை நிறுத்தாமல், நீங்கள் சொன்ன அந்த நடிகன் நடிப்பதைப் பார்க்க எனக்கும் ஆசையாக இருந்தது என்றார். செவ்வாய்க்கிழமை வேறு ஷிப்டுக்கு மாறிக்கொண்டார்.

பிள்ளையின் தடுப்பூசித் திகதியை மறந்துவிடாதே. உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
நேற்றோடு சங்கத்தின் முன்னாள் அறிவிப்பாளர்,
உன் சித்தப்பா ஆனந்தராசா