மூன்று கிலோத் துவக்கும் உன் மனுசனும்

என் அன்பு மச்சாள் றீற்றாவுக்கு,

முதலில் உனக்கு வேண்டிய செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அன்ரன் அண்ணை இருக்கிறார். சாப்பிடுகிறார், வேலைக்குப் போகிறார், என் ரசத்தில் மிளகு காணாது என்று குறை சொல்கிறார். நாளைக்கு உன்னுடைய முதலாவது ஆண்டுப் பூசை. தேவாலயத்தில் எல்லாம் அவரே ஒழுங்கு செய்துவிட்டார். எனக்கு மிச்சம் விட்டது வடை சுடுகிற வேலை மட்டும்தான்.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகையில் போடப்போகிறேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான். "போடுங்கோ தங்கச்சி, என்னைப்போல இன்னும் கொஞ்சப் பேர் இந்தக் கட்டிடங்களுக்குள்ள இருப்பினம்" என்றார். அதனால் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் நீ என் கையைப் பிடித்துச் சொன்னது நினைவிருக்கிறதா? "கௌரி, இவர் சத்தம் போட்டால் பயப்பிடாதை. சத்தம் போடாமல் இருந்தால்தான் பயப்பிட வேணும். ஒரு வருசம் பாத்துக்கொள்ளு." நான் ஓம் என்றேன். சாகக் கிடக்கிற சிநேகிதிக்கு ஓம் என்று சொல்வது எவ்வளவு சுலபம்.

நீ போன அடுத்த மாதமே அவருடைய சத்தம் நின்றுவிட்டது. கதவைத் தட்டினால் திறப்பார், சோற்றுப் பெட்டியை வாங்குவார், நன்றி சொல்வார். நன்றி சொல்கிற அன்ரன் அண்ணையை நாங்கள் அதற்கு முன் கண்டதில்லை. வசந்தம் வந்ததும் சாமான்களைக் கொடுக்கத் தொடங்கினார். உன் தையல் மெஷின் நாலாம் மாடிக்குப் போனது. உன் கறிவேப்பிலைச் சாடி எனக்கு வந்தது. கடைசியில் தன்னுடைய குளிர்கோட்டையும் யாருக்கோ கொடுத்துவிட்டார். "அடுத்த வின்ரருக்கு என்ன செய்வீங்கள்?" என்று கேட்டேன். "அதுக்கு நாள் கிடக்குத்தானே" என்றார். கோட்டைக் கொடுத்தவர் அடுத்த குளிர்காலத்தைக் கணக்கில் எடுக்கவில்லையோ என்று அன்று எனக்குப் பயம் பிடித்தது.

அந்தப் பயத்தோடு நான் இருக்கும்போதுதான் ஆடி மாதத்து ஒரு சனிக்கிழமை வந்து, "தங்கச்சி, ஒரு துவக்கு வாங்கப்போறன். நீங்கள் ஒரு கையெழுத்து வைக்கவேணும்" என்றார்.

எங்கள் சமையலறையில், பகல் பதினொரு மணிக்கு, மரக்கறி வாங்கப் போவதைப் போல அதைச் சொன்னார். என் வீட்டுக்காரர், இவர், தேத்தண்ணிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டார்.

"என்னத்துக்கு அண்ணை?"

"மான் வேட்டைக்கு. ஃபோர்மன் கென்னோட நவம்பரில வடக்க ஹாலிபேர்ட்டன் காட்டுப் பக்கம் போறனான்தானே. ரெண்டு வருசமும் காம்பில கறி காய்ச்சித்தான் குடுத்தனான். இந்த வருசம் நானும் நடக்கப்போறன்."

நீ இருந்தபோதே அவர் அங்கே போய்வந்தது எனக்குத் தெரியும். ஆனாலும் துவக்கு, ஆளைச் சுடுகிற துப்பாக்கி. அந்தச் சொல்லுக்குப் பயந்துதானே நாங்கள் எல்லோரும் ஊரில் இருந்ததை விட்டுவிட்டு இந்தக் குளிர் நாட்டுக்கு, இந்தப் பதினொரு மாடிக் கட்டிடத்துக்கு வந்தோம்? இவர் பிறகு என்னிடம், "ஊரில ஆமிக் காம்பில ஒருத்தனுக்கு நல்லவன் எண்டு கையெழுத்து வைச்ச என்ர சித்தப்பா ரெண்டு வருசம் உள்ளுக்க இருந்தவர். கையெழுத்து வைக்கிற வேலை எங்களுக்கு வேண்டாம்" என்றார். இவருடைய பயம் அது. என்னுடையது வேறு. என்னுடையதை இவருக்குக்கூட நான் சொல்லவில்லை.

துவக்கு அனுமதி விண்ணப்பத்தில் பெண்சாதியின் பெயருக்கு ஒரு இடம் இருக்கிறது, றீற்றா. நீ இருந்திருந்தால் உன்னைத்தான் கேட்டிருப்பார்கள். அதற்குக் கீழே, அன்ரன் அண்ணையைப் பல வருடம் அறிந்த இரண்டு பேர் வேண்டும், அவர் கையில் துவக்கு இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்ல. ஒருவர் கென். மற்றவர் நான். நான் பத்து நாள் சாட்டுச் சொல்லித் தள்ளினேன்.

அந்தப் பத்து நாளில் ஒன்பதாம் மாடி அன்ரி என்னை லிஃப்டில் மறித்தார். "பிள்ளை, உங்கட அன்ரன் தும்புத்தடியில அரிசிப் பையைக் கட்டித் தோளில கொழுவிக்கொண்டு படியில ஏறி இறங்குறார். ஆரும் செய்வினை கிய்வினை செய்துபோட்டினமோ?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். உண்மைதான். வீடு கூட்டுகிற தும்புத்தடியைச் சரியாக ஒரு மீற்றருக்கு அறுத்து, உன் சமையல் தராசில் சிவப்பரிசி நிறுத்து, இரண்டு பையாகக் கட்டி, பழைய பெல்ற் ஒன்றை வாராக்கி மாட்டியிருந்தார். ஏழாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார்.

"இது மூண்டு கிலோ, தங்கச்சி. நேற்று நாலரை. நாலரையோட எட்டாம் மாடியில தோள் விட்டுப்போட்டுது. மூண்டோட பதினொண்டும் ஏறலாம்."

அன்று அவர் வீட்டுக்குள் போனேன். சாப்பாட்டு மேசையில் கட்டம் போட்ட தாள் ஒன்று. லேத் மெஷினுக்கு அளவு எழுதுகிற அதே பொடி எழுத்தில் முழுத் தாளும் நிரம்பியிருந்தது. நான் பௌதிகம் படித்தவள், உனக்குத் தெரியும். தாளைக் கண்டால் வாசிக்காமல் விடமாட்டேன்.

அவர் பார்த்து வைத்திருந்தது குட்டையான ஒரு துவக்கு. ஒவ்வொரு வெடிக்கும் போல்ற் என்கிற இரும்புத் தண்டைக் கையால் இழுத்துப் பூட்டுகிற வகை. நீளம் ஒரு மீற்றர். பற்றைக்குள் நுழைந்தால் கொப்பில் மாட்டாது. பாரம் மூன்று கிலோவுக்குள். அதற்கு எதிரே, "பாரம் குறைந்தால் உதை கூடும்" என்று எழுதி, தொழிற்சாலையில் பழுதான தன் வலது தோளை நினைத்துக் கேள்விக்குறி போட்டிருந்தார். குழல் கட்டையானது, அதனால் சத்தம் கூட. தோளில் அணைக்கிற பிடங்கு மரமில்லை, பனியில் ஊதாது. பிடங்கின் அடியில் இன்னொரு தோட்டாப் பெட்டி வைக்க இடம் உண்டு. குறி பார்க்கிற கண்ணாடியான ஸ்கோப் கண்ணுக்குக் கிட்ட இல்லை, குழலின் மேல் முன்னுக்குத் தள்ளி இருக்கும். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக் குறி பார்க்கலாம். பக்கத்தில் யார் நடக்கிறார்கள் என்று தெரியும். அது விழுந்து உடைந்தாலும் குழலில் மடித்து வைத்த சாதாரணக் குறி இருக்கும். அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு.

"ஏன் அண்ணை இதுக்கு ரெண்டு கோடு?"

"காட்டுக்க ஸ்கோப் உடைஞ்சால் ஆரிட்டப் போறது? வந்த அலுவலை முடிச்சுப்போட்டு வரத்தானே வேணும்."

நான் கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் இருந்தேன். பத்து நாளாக விழுங்கி வைத்திருந்ததைக் கேட்டேன்.

"அண்ணை, நேராக் கேக்கிறன். கோவிக்காதேங்கோ. உங்களுக்குச் சாகவேணும் எண்டு நினைப்பு இருக்கோ?"

அவர் கோபிக்கவில்லை. பென்சிலைக் கீழே வைத்தார்.

"மாசியில இருந்தது. வடிவா இருந்தது. பங்குனியில டொக்டரிட்டப் போனன். குளிசை தந்தவர், கதைக்க ஒரு மனுசியிட்டயும் அனுப்பினவர். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அப்படி நினைப்பு வந்ததோ எண்டு படிவத்தில கேட்டிருக்கினம், ஓம் எண்டுதான் போட்டிருக்கிறன். டொக்டரின்ர கடிதமும் வைச்சிருக்கிறன். பாருங்கோ."

பார்த்தேன். 'ஓம்' கட்டத்தில் ஒரு சரி, அழுத்தி.

"இப்ப?"

"இப்ப சில நாள் வரும், போகும். நினைப்பு வாற நாளில ஆரையும் கூப்பிடு எண்டு அந்த மனுசி சொன்னவ. நான்தான் கூப்பிடேல்லை." அரிசிப் பையைத் தூக்கித் தராசில் வைத்தார். "தங்கச்சி, அந்தத் துவக்கை நாள் முழுக்கக் காவவேணும். சுடுறது ஒருக்கா, இல்லாட்டில் அதுவும் இல்லை. பின்னேரம் களைச்சுப்போய்த் திரும்பி நடக்கவேணும். நான் பாரம் பாக்கிறது அந்தத் திரும்பி வாற நடைக்குத்தான்."

றீற்றா, நான் எவ்வளவு மடைச்சி. அவர் இத்தனை நாளாகப் படியேறி நிறுத்துக்கொண்டிருந்தது வருகிற நவம்பரை. கோட்டைக் கொடுத்ததைக் கேட்டேன். "உது எனக்குச் சின்னனாப் போச்சு. உங்கட சோத்துப் பெட்டியளால வந்த வினை" என்றார். நீ போனபிறகு அன்றுதான் அந்த வீட்டில் நான் சிரித்தேன்.

ஆனாலும் கையெழுத்து வைக்கவில்லை. "சில நாள்" என்றாரே, அந்தச் சில நாளை என்ன செய்வது? நான் கேட்காமலே அவர் தாளைத் திருப்பினார். பின்பக்கம் ஒரு வரிதான்: போல்ற் தனியாகக் கழலும்.

"இது கழண்டால் மிச்சம் வெறும் குழாய். கைக்குள்ள அடங்குற இரும்புத் துண்டு. அதை உங்கட வீட்டில வையுங்கோ. வேட்டைக்குப் போறன் எண்டு வந்து கேப்பன். நீங்கள் என்ர முகத்தைப் பாத்து, இண்டைக்குக் கேட்ட கேள்வியைக் கேளுங்கோ. பதில் பிடிக்காட்டில் தராதேங்கோ."

அதற்குப் பிறகுதான் கையெழுத்து வைத்தேன். புரட்டாசியில் அந்த விண்ணப்பத்தைப் பற்றி விசாரிக்கப் பொலிஸ் கந்தோரிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டார். இவர் பக்கத்தில் நின்று இரண்டு கையையும் ஆட்டி 'ஒண்டும் சொல்லாதை' என்று சைகை காட்டினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், மாசியையும் பங்குனியையும் போல்ற்றையும். மறுமுனையில் கொஞ்ச நேரம் எழுதுகிற சத்தம். பிறகு அந்தப் பெண், "அவருக்கு உங்களைப் போன்ற அயலவர் இருப்பது நல்லது" என்றார். தொலைபேசியை வைத்தேன். இவர் ஆட்டிய கையைக் கீழே விட்டார். "இவ்வளவையும் தனியாக் காவினனீயோ?" என்று மட்டும் கேட்டார்.

நவம்பரில் வந்து கேட்டார். நானும் கேட்டேன். "இல்லை" என்றார், என் கண்ணைப் பார்த்து. கொடுத்தேன். அந்த ஆறு நாளும் நான் எப்படி வேலைக்குப் போனேன், என்ன சமைத்தேன் என்று கேட்காதே. நகருக்கு வெளியே ஸ்ரௌவ்வில் பக்கம் புது வீடு பார்க்க இவர் கூட்டிப்போனார். வீடு இன்னும் கட்டவில்லை, வெறும் வயலைக் காட்டி இதுதான் குசினி வரும் இடம் என்றார்கள். நான் அன்ரன் அண்ணை வேட்டைக்குப் போன வடக்குப் பக்க வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவு தட்டுப்பட்டது. புதுக் கோட்டு, சேறு பிடித்த சப்பாத்து, கம்பளிக் காலுறைக்குள் சுற்றிய போல்ற். வாசலிலேயே தொடங்கிவிட்டார்.

"மான் நிண்டது தங்கச்சி. அறுபது யார் தூரம்கூட இல்லை. எனக்கு முதுகுப் பக்கம் வெயில். ஸ்கோப் முன்னுக்கு இருக்கிறதால பின்வெயில் முழுக்கக் கண்ணாடிக்குள்ள. வெள்ளையத் தவிர ஒண்டும் தெரியேல்லை. அந்த ஒண்டை நான் பிழையா நிறுத்துப்போட்டன்."

"கவலையோ?"

"கவலையில்லை, விசர். அடுத்த வருசம் அதைக் கழட்டிப்போட்டு வெறும் குறியிலதான் போவன். தோளுக்கு ஒண்டும் இல்லை, பாத்தீங்களோ? பாரம் சரி." பிறகு குரலை உயர்த்தி உள்ளே பார்த்து, "ரசம் கிடக்கோ? இந்தமுறையாவது மிளகு போட்டனீங்களோ?" என்றார்.

சத்தம் போட்டார், றீற்றா. நீ சொன்ன சத்தம். அதைவிட, 'அடுத்த வருசம்' என்றார். இவருக்கும் அது கேட்டிருக்க வேண்டும். எழும்பிப் போய் மூன்றாவது கோப்பையை எடுத்தார்.

சில நாள் இன்னும் வருகிறதாம். மார்கழியில் ஒரு நாள் வேலையால் வந்து எங்கள் கதவைத் தட்டி, "இண்டைக்குச் சரியில்லை" என்றார். உள்ளே வந்து இருந்து, இவரோடு சீட்டுக் கடதாசி விளையாடி, தோற்று, ஏமாற்றினார்கள் என்று சண்டை பிடித்துவிட்டுப் போனார். உனக்கு நான் சொன்ன ஒரு வருடம் நாளையோடு முடிகிறது. முடிந்துவிட்டது என்று நான் கணக்கை மூடமாட்டேன். வன்னியில் இருக்கிற என் அக்காவின் கடிதங்களை வைக்கிற பெட்டியில், பூட்டுக்குள், போல்ற் சுற்றிய அந்தக் கம்பளிக் காலுறை இருக்கிறது. அவர் ஒவ்வொரு நவம்பரும் வந்து கேட்பார். நான் ஒவ்வொரு முறையும் அவர் கண்ணைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்பேன், கொடுப்பதற்கு முதல். அவர் திரும்பி வரும்வரை கதவுக்குக் கிட்டவே இருப்பேன்.

சாவியைப் போல அந்தப் போல்ற்றை வைத்திருக்கும்,
உன் மனுசனின் தங்கச்சி, உன் மச்சாள்,
கௌரி